ஷிஃபானாவின் பரீட்சையை யார் எழுதுவது?

1. நூறு சதமானம்

"கோமதி டீச்சரே, அந்தச் சாக்குக் கடைப் பெண்ணை ஓப்பன் ஸ்கூலுக்கு மாத்திடலாமா?"

பத்தாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் ஹெச்எம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டது இது. நான் உட்காரக்கூட இல்லை, அதற்குள் கேட்டுவிட்டார். அவர் பேசியது மலையாளம். படிப்பவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். ஆனால் அவர் குரலில் இருந்த இனிப்பை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் அவர் குரல் பாயசமாகிவிடும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ரிசோர்ஸ் டீச்சர். படிப்பதில், எழுதுவதில், பேசுவதில், கேட்பதில், மனசை ஒரு நிலையில் வைத்துக்கொள்வதில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்குப் போகிற ஆசிரியை. எங்களுக்கென்று சொந்தமாக ஒரு பள்ளி கிடையாது. வாரத்தில் சில நாள் மட்டாஞ்சேரி, சில நாள் சுள்ளிக்கல் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைவோம். மட்டாஞ்சேரிப் பள்ளியில் எனக்குக் கொடுத்த ரிசோர்ஸ் ரூம், சமையலறையை ஒட்டிய சிறிய அறை. பதினோரு மணிக்குப் பருப்பு தாளிக்கும் வாசனை வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் பாடம் ஏறாது, எனக்கும்தான்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள், "சேச்சி, உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்களேன்" என்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் ஒன்று, இது பெருமையடித்துக்கொள்கிற குறிப்புதான். அடக்கம் வேண்டும் என்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

ஹெச்எம்முக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் தொடர்ந்து சில வருஷங்களாக எஸ்எஸ்எல்சியில் எல்லோரும் பாஸ். நூறு சதவீதம், இங்கே சொல்வதுபோல் நூறு சதமானம். ரிசல்ட் வந்த மறுநாள் கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். அந்த வருஷம் அந்த நூறுக்கு ஆபத்து என்று எல்லோரும் விரல் நீட்டியது ஒரே பெண்ணை நோக்கி. ஷிஃபானா. கொச்சங்காடியில் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து, மசாலா கோடவுன்களுக்கு விற்கும் காஜா பாயின் மூத்த மகள்.

"ஓப்பன் ஸ்கூல்னா அவளுக்கும் சௌகரியம். மெல்ல எழுதலாம். நம்ம ஸ்கூல் கணக்குல வராது, நமக்கும் டென்ஷன் இல்லே" என்றார் ஹெச்எம்.

"அவளுக்கு என்ன குறைன்னு யாராவது பார்த்தீங்களா டீச்சர்?"

"குறை ஒண்ணும் இல்லே. நல்ல குட்டி. வீட்டுல தமிழ் பேசறாங்க, அதாக்கும் காரியம். மலையாளம் எழுத வரலை."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நானும் வீட்டுல தமிழ்தான் பேசறேன் டீச்சர். இதே மட்டாஞ்சேரியில பிறந்து, மலையாளத்துல படிச்சு, உங்க முன்னாடி நிக்கறேன்" என்றேன். அவர் ஃபேனைப் பார்த்தார். காலாண்டுக்கு வரும் ஓணப் பரீட்சை வரைக்கும் பார்க்கலாம் என்று அவகாசம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

2. வீட்டில் தமிழ்

இந்த ஊரில் எங்களைப் போன்ற தமிழ் வீடுகள் நிறைய உண்டு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். எங்கள் பிள்ளை எதில் பின்தங்கினாலும், "தமிழ் வீடு" என்று ஒரு காரணம் தயாராக இருக்கும். சொல்வதற்குச் சுலபம். கேட்பவருக்கும் சமாதானம். ஷிஃபானா விஷயத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு டீச்சரும் இதையே சொல்லி அடுத்த டீச்சர் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒருத்தராவது அந்த வீட்டுப் படி ஏறிப் பார்த்திருக்கலாம் இல்லையா?

நான் போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. காஜா பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி மும்தாஜ் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். ஷிஃபானாவிடம் எதையோ எடுத்து வரும்படி கையால் சைகை காட்டினார். எனக்கு அது விநோதமாக இருந்தது. தாயும் மகளும் சைகையில் பேசிக்கொள்வானேன்?

"வீட்டுல பேச மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

காஜா பாய்தான் பதில் சொன்னார். "ஸ்கூல்ல சொன்னாங்கல்லே டீச்சரே, வீட்டுல தமிழ் பேசறதாக்கும் பிரச்சினைன்னு. அவ அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போதே நிறுத்தியாச்சு. பிள்ளைங்ககிட்டே மலையாளம் மட்டுந்தான்."

"நீங்க?" என்று மும்தாஜைப் பார்த்தேன்.

அவர் உத்தமபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். "நான் என்னத்தப் பேச டீச்சர்? எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல சாப்ட்டியா, குளிச்சியா, அம்புட்டுத்தான் வரும். அதுக்கு மேல என் மககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா நாக்கு ஒட்டிக்குது. புள்ள படிப்பு கெட்டுரும்னு வாய மூடிக்கிட்டேன்."

படிப்பு வரட்டும் என்று ஒரு தாய் மகளிடம் பேசுவதையே விட்டிருக்கிறாள். படிப்பும் வரவில்லை.

அங்கேயே சில விஷயங்களைப் பார்த்தேன். நாலாம் வகுப்பு படிக்கும் தங்கைக்கும் அதே வீடு, அதே அம்மா. மலையாளப் புத்தகத்தைக் கொடுத்தால் தண்ணீர் மாதிரி வாசிக்கிறாள். ஷிஃபானாவோ ஒரு வரியை எழுத்து எழுத்தாகத் தடவித் தடவி, முடிப்பதற்குள் வியர்த்துப் போகிறாள். மதரஸாவில் எப்படி என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து போகிறாள். மற்றவர்கள் ஓதுவதைக் கேட்டு அப்படியே பிசகாமல் ஓதுவாளாம், எழுத்தைக் காட்டினால் தெரியாதாம். தமிழ் வீடு என்றால் அரபி எழுத்துமா வராது?

பிறகு சோஷியல் சயன்ஸ் பாடம் ஒன்றை நான் சத்தமாக வாசித்தேன். மூடிவிட்டுக் கேள்வி கேட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. நான் வாசிக்காமல் தாண்டிய ஒரு வரியைக்கூட, "டீச்சர், நடுவுல ஒண்ணு சேராம நிக்குது" என்று பிடித்துவிட்டாள்.

காது வழியாகப் போனால் எல்லாம் உள்ளே தங்குகிறது. கண் வழியாகப் போகும் எழுத்து மட்டும் பிடிபடவில்லை. டிஸ்லெக்சியா என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வகுப்பில் அது சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும், சில சமயம் திமிர் மாதிரியும் இருக்கும். மட்டாஞ்சேரியில் அது தமிழ் மாதிரி இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"பாய், இன்னைக்கிருந்து இந்த வீட்டுல தமிழ் பேசுங்க. இது டீச்சர் உத்தரவு" என்றேன்.

மும்தாஜ் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "அந்த டம்ளர எடுத்து உள்ள வையிடி, எம்புட்டு நேரமா சொல்றேன்!" என்று ஒரு அதட்டு. இத்தனை வருஷத்து அதட்டலையும் சேர்த்து வைத்திருந்த மாதிரி. ஷிஃபானா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

3. போர்டு

எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்கு எஸ்எஸ்எல்சியில் ஸ்க்ரைப் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பிள்ளை வாயால் சொல்லும், இன்னொருவர் எழுதுவார், கூடுதல் நேரமும் கிடைக்கும். ஆனால் அதற்கு மெடிக்கல் போர்டு சர்ட்டிபிகேட் வேண்டும். எறணாகுளத்துக்குப் படகில் போய், டோக்கன் எடுத்து, டாக்டர்கள் முன்னால் உட்கார வேண்டும்.

காஜா பாய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "போர்டுன்னா மூளை சரியில்லாதவங்களுக்குள்ளதல்லே டீச்சரே? நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன சொல்ல?"

நான் அவரிடம் நயமாகப் பேசினேன் என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். "நாலு பேரு கேட்டா என்கிட்ட அனுப்புங்க பாய். அந்த நாலு பேருமா வந்து அவளுக்குப் பரீட்சை எழுதப் போறாங்க?" என்றேன். அவர் என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டார். மறுவாரம் நாங்கள் மூவரும் போட்டில் இருந்தோம். போர்டில் டாக்டர் எழுதிய மொத்தத்தையும் சுருக்கினால் ஒரு வரிதான். புத்தியில் குறை இல்லை, எழுத்தில் மட்டும் தடை. காஜா பாய் அந்த முதல் பாதியை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். திரும்பும்போது முகத்தைக் காயல் பக்கமே வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைப்பதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஓணப் பரீட்சைக்கு முன்னாலேயே சர்ட்டிபிகேட்டை ஹெச்எம் மேஜையில் வைத்தேன். ஓப்பன் ஸ்கூல் பேச்சு அத்தோடு நின்றது.

"ஸ்க்ரைப் உண்டுன்னா பின்னே என்ன பிரச்சினை?" என்றார் ஹெச்எம். குரலில் பாயசம் இல்லை, உண்மையான சந்தோஷம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

4. அபர்ணாவின் நல்ல மனசு

ஸ்க்ரைப் ஒரு வகுப்பு கீழே படிக்கிறவராக இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டபோது எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அபர்ணா. முதல் மாணவி, முத்து முத்தான கையெழுத்து, வினாடி வினாவில் எல்லாம் பரிசு. அதோடு தங்கமான குணம். கேட்டதும், "தீர்ச்சயா டீச்சர், கண்டிப்பா எழுதறேன்" என்று துள்ளிக்கொண்டு வந்தாள்.

முதல் பயிற்சிப் பரீட்சை ரிசோர்ஸ் ரூமில். ஷிஃபானா தணிந்த குரலில் சொல்ல, அபர்ணா மடமடவென்று எழுதினாள். பேப்பரைத் திருத்தி வாங்கியபோது எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை நல்ல மார்க்கா? பதில்களைப் படித்தேன். வாக்கியங்கள் பாடப்புத்தகத்தைவிட அழகு.

அடுத்த பயிற்சியின்போது ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஷிஃபானா, "அது வந்து... காத்து கடல்லேருந்து வரும்..." என்று இழுக்கிறாள். அபர்ணா அதற்குள் பருவக்காற்று, அழுத்தம், ஈரப்பதம் என்று ஒரு முழுப் பத்தி எழுதிவிட்டு, "நெக்ஸ்ட்?" என்கிறாள். ஷிஃபானா தலையாட்டுகிறாள்.

உள்ளே போய் அபர்ணாவிடம் கேட்டேன். "ஷிஃபானா இதைச் சொன்னாளா?"

"அவ சொல்ல வந்தது அதுதான் டீச்சர். நான் கொஞ்சம் சரியாக்கினேன்." முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. தோழிக்குத் தன் சாப்பாட்டில் பாதி கொடுக்கிற மாதிரிதான் அவளுக்கு அது.

ஷிஃபானாவைப் பார்த்தேன். "நீ என்ன சொல்றே?"

"அவ எழுதினது நல்லாருக்கு டீச்சர். நான் சொன்னா குப்பையாத்தான் இருக்கும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஹெச்எம்மிடம் போய் வேறு ஸ்க்ரைப் வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எதுக்கு டீச்சரே மாத்தறீங்க? அபர்ணா எழுதட்டுமே. அந்தப் பெண்ணுக்கும் நல்லது, ஸ்கூலுக்கும் நல்லது. யாரு சோதிக்கப் போறா?"

இங்கேதான் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்த வார்த்தையை உங்களிடமும் சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். அப்படியே விட்டிருந்தால் ஷிஃபானா பாஸாகிவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. அவளே சொல்ல ஆரம்பித்தால் தோற்கவும் கூடும். அவள் தோற்றால் நூறு போய்விடும், அவள் பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும், வீட்டில் காஜா பாய் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ப்ளஸ் ஒன்னுக்குப் போகும்போது அபர்ணாவையும் பையில் போட்டுக்கொண்டா போவாள்? பத்து வருஷமாக அந்தப் பெண்ணுக்கு மற்றவர்கள் காரணம் சொன்னார்கள். இப்போது பதிலையும் மற்றவர்களே சொல்வதா?

ஹெச்எம்மிடம் திரும்பிப் போனேன். "ஷிஃபானா சொல்றதைத்தான் அபர்ணா எழுதணும். ரெண்டு பேரையும் நான் பழக்கறேன். தோத்தா ஸ்டாஃப் மீட்டிங்ல என் பேரைச் சொல்லி என்ன வேணும்னாலும் பேசுங்க" என்றேன்.

"சொல்லத்தான் போறேன்" என்றார் அவர். இனிப்பு கொஞ்சமும் இல்லை.

5. சாக்குக் கடை வகுப்பு

சொல்வது எளிது. பழக்குவது எப்படி? ரிசோர்ஸ் ரூமில் உட்காரவைத்து, "நீ சத்தமாச் சொல்லு, நீ அவ சொன்னதை மட்டும் எழுது" என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அபர்ணாவைப் பார்த்தாலே ஷிஃபானாவின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ஃபர்ஸ்ட் ராங்க் பெண்ணுக்கு உத்தரவு போட அவளுக்கு எங்கே தைரியம் வரும்?

ஒரு சனிக்கிழமை வேறு வேலையாகக் கொச்சங்காடி வழியாக வந்தேன். சாக்குக் கடையில் ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது. "அது பெப்பர் சாக்கு இக்கா, ஏலக்காய்க்கு ஆகாது! அந்தக் கட்டை எடு, இல்லே, அடியில உள்ளது!" லோடு ஏற்ற வந்த ஒரு ஆஜானுபாகுவான ஆள் மறுபேச்சு இல்லாமல் அடியில் உள்ள கட்டை உருவிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் என் ஷிஃபானா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. அடி கள்ளி!

அடுத்த சனிக்கிழமை அபர்ணாவை அவள் அம்மாவின் சம்மதத்தோடு அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கிழிந்த சாக்கு, ஒரு துண்டு ஒட்டு, கோணி ஊசி, சணல் நூல். "அபர்ணா, இதைத் தைக்கணும். ஷிஃபானா கையை வைக்க மாட்டா, வாயால மட்டும் சொல்லுவா. நீ அவ சொல்றதை மட்டும் செய்யணும்" என்றேன்.

"ஈஸி டீச்சர்" என்றாள் அபர்ணா.

ஷிஃபானா, "முதல்ல ஒட்டைக் கிழிசல் மேல வை" என்றாள். அபர்ணா வைத்தாள். ஷிஃபானா அடுத்ததைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஊசியைக் குத்தி இழுத்து, விறுவிறுவென்று நான்கு பக்கமும் தைத்து முடித்துவிட்டு, "நோக்கு!" என்று தூக்கிக் காட்டினாள். தையல் நேர்த்திதான். ஆனால் சாக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு விட்டது. நடுவில் கையை விட்டால் போகவில்லை.

காஜா பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷிஃபானாவுக்கு வந்ததே கோபம்! "எடீ, உள்ளே பலகை வைன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ளே உனக்கென்ன அவசரம்? நான் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடி ஊசியைத் தொடாதே! பிரி, எல்லாத்தையும் பிரி!"

அபர்ணா முகம் சிவந்து உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை ஷிஃபானா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பலகையை உள்ளே வை. இப்ப குத்து. இழு, முழுக்க இழுக்காதே. நிறுத்து. காட்டு. சரி, அடுத்தது. அபர்ணா அப்படியே செய்தாள். சாக்கு சாக்காக வந்தது.

"இங்கே வர்ற சத்தம் ஸ்கூலுக்கு வந்தா எங்கேடி போகுது?" என்று கேட்டேன்.

"இங்கே எனக்குத் தெரியும் டீச்சர். அங்கே அவளுக்குத்தானே தெரியும்."

"அங்கேயும் பரீட்சை உன்னோடது. அவ கையில இருக்கறது ஊசி மட்டும். மனசிலாச்சா?"

அதற்குப் பிறகு ரிசோர்ஸ் ரூமில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் போட்டது நான் இல்லை, ஷிஃபானா. "எழுது" என்று அவள் சொல்லாமல் பேனா பேப்பரைத் தொடக் கூடாது. எழுதியதும் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் சொல்லாத சொல் ஒன்று இருந்தாலும் அடித்துவிட வேண்டும். மார்க் சரசரவென்று இறங்கியது. ஹெச்எம் என்னை வராந்தாவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பிறகு மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே தன் பதில் குப்பை இல்லை என்று தெரிந்தது. வீட்டில் அம்மா புத்தகத்தை மடியில் வைத்து உட்காருவார். தங்கை மலையாளத்தில் வாசிப்பாள். ஷிஃபானா அதைத் தமிழில் அம்மாவுக்கு விளக்குவாள். அம்மாவுக்குப் புரியும் வரை விட மாட்டாராம். அதைவிட நல்ல ட்யூஷன் எனக்குத் தெரியாது.

கஷ்டப்பட்டது அபர்ணாதான். ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு அழுதாள். "தப்புன்னு தெரிஞ்சும் எப்படி டீச்சர் எழுதறது? எனக்குக் கை வரலை."

"உன் பரீட்சை அடுத்த வருஷம் வருது, மோளே. உனக்குத் தெரிஞ்ச சரியெல்லாம் அதுல எழுதிக்கோ" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் வந்தாள். அந்தப் பெண்ணையும் சும்மா சொல்லக் கூடாது.

6. கேட்டுக்கு வெளியே

பரீட்சை நாட்களில் எங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தனி அறை, வெளிப் பள்ளியிலிருந்து வந்த ஒரு கண்காணிப்பாளர், ஷிஃபானா, அபர்ணா. அவ்வளவு பேர்தான். நான் கேட்டுக்கு எதிரே இருந்த கடை நிழலில் நின்றேன். மும்தாஜும் வந்து நின்றார். பேசிக்கொண்டே இருந்தார். பேச்சை விட்டிருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறாரோ என்று தோன்றியது.

மொழிப் பாடங்கள், கணக்கு எல்லாம் தட்டுத் தடுமாறி நடந்தன. பயாலஜி அன்று மற்ற பிள்ளைகள் எல்லாம் போய், கூடுதல் நேரமும் முடிந்தபின் அபர்ணா முதலில் வெளியே வந்தாள். வந்தவள் என்னைக் கண்டதும் ஓவென்று அழுதாள்.

"டீச்சர், அவ தப்பாச் சொன்னா. இன்சுலின் எங்கே சுரக்குதுன்னு கேட்டிருந்தாங்க. கல்லீரல்னு சொன்னா. நேத்துகூட கணையம்னு கரெக்டா சொன்னவ! நான் பேனாவை நிறுத்திட்டு அவளைப் பார்த்தேன். எழுதெடீங்கறா. நான் எழுதிட்டேன் டீச்சர். தெரிஞ்சே எழுதிட்டேன்."

"வாசிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன். கல்... லீரல்னு இழுத்து இழுத்துப் படிச்சேன். அப்பவும் அவ அப்படியே இருக்கட்டும்னுட்டா."

பின்னாலேயே ஷிஃபானா வந்தாள். முகத்தில் சிரிப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏண்டி, இவ இழுத்துப் படிச்சது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது டீச்சர். நீ இழுத்தப்பவே தப்புன்னு தெரிஞ்சுபோச்சுடீ" என்று அபர்ணாவின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். "ஆனா சரி எதுன்னு எனக்கு ஞாபகம் வரலையே. உங்கிட்டே கேட்டு எழுதினா அது உன் மார்க். எனக்கு வராததை நான் எப்படி மாத்தறது? போனா ஒரு மார்க் போகட்டும். அது என் தப்பு. நான் பண்ணினது."

கேட்டீர்களா? என் தப்பு என்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு நேர்ந்த தவறுகளுக்கெல்லாம் வீடு காரணம், பாஷை காரணம், அம்மா காரணம். முதல்முறையாக அவளுக்கென்று சொந்தமாக ஒரு தப்பு. அதையும் பரிசு வாங்கின மாதிரி சிரித்துக்கொண்டு சொல்கிறாள். நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டேன். என் பிள்ளைகள் வேலைக்குப் போனபோதுகூட எனக்கு அத்தனை பெருமை வந்ததில்லை. இதை என் பிள்ளைகள் படித்தால் படிக்கட்டும்.

7. ரிசல்ட்

ரிசல்ட் அன்று ஹெச்எம்தான் ஃபோன் செய்தார். "கோமதி டீச்சரே" என்றார். குரல் பாயசமாக இருந்தது. தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜயிச்சு டீச்சரே. ஷிஃபானா ஜயிச்சு. நூறு சதமானம்." அப்புறம்தான் தெரிந்தது, அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகையிலும் அந்தக் குரல் இனிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பெரிய கிரேடு ஒன்றும் இல்லை. கணக்கில் மயிரிழையில் தப்பியிருந்தாள். சோஷியல் சயன்ஸில் நன்றாக வாங்கியிருந்தாள். மேலே படிக்கத் தகுதி என்று வந்துவிட்டது. கேட்டில் கட்டிய ஃப்ளெக்ஸில் முழு ஏ ப்ளஸ் வாங்கியவர்களின் படங்கள் மட்டும் இருந்தன. அவள் படம் இல்லை. நான் ஹெச்எம்மிடம் சண்டைக்குப் போகவில்லை என்று நினைக்காதீர்கள். போனேன். மறுநாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிப் பேசினார். அன்று மிரட்டியதுபோல் திட்டி இல்லை, பாராட்டி.

புதிதாக வரும் ரிசோர்ஸ் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைக்கு உதவுகிறோம் என்று நாமே முழுவதும் செய்துவிடுவது ரொம்பச் சுலபம். எல்லோரும் நம்மைக் கும்பிடவும் செய்வார்கள். எந்த இடத்தில் பிள்ளைக்குத் தடையோ அந்த இடத்தில் மட்டும் கையைக் கொடுங்கள். மற்ற இடத்தில் அது தன் காலில் நிற்கட்டும், விழுந்தாலும் தானாக விழட்டும். அந்த உரிமையைக் கேட்டு வாங்கப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போகலாம்.

ஷிஃபானாவுக்கு வேறு பள்ளியில் ப்ளஸ் ஒன் கிடைத்தது. சேர்ந்த அன்றே அவளாக ஆபீசுக்குப் போய், சர்ட்டிபிகேட்டை மேஜையில் வைத்து, பரீட்சைக்குத் தனக்கு ஸ்க்ரைப் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அங்கே இருந்த மாஷ், அதாவது வாத்தியார், நல்ல மனுஷர். "பயப்படாதே மோளே, ஸ்கூல்லேயே நல்லாப் படிக்கிற குட்டியைப் போட்டுத் தரேன்" என்றாராம்.

"படிக்கிற குட்டி வேண்டாம் மாஷே" என்றாளாம் என் ஷிஃபானா. "சொன்ன பேச்சு கேக்கற குட்டி போதும். படிப்பு எங்கிட்டே இருக்கு."